சோம்பேறி இல்லையாம்

பிரிஞ்சாங் ஊரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் திடீரென்று சொன்னார்.

"என் மருமக சோம்பேறி இல்லையாம் பார்வதி. ரத்த டெஸ்ட்டுல போட்டிருக்காம்."

"என்னக்கா சொல்றீங்க?"

"சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. தைராய்டு நம்பர் ரொம்ப ஏறியிருக்காம்."

"ஏறினா நல்லதுதானே லா?"

"இல்லடி. அது ஏறினா சுரப்பி சரியா வேலை செய்யலன்னு அர்த்தமாம். வைட்டமின் டியும் கம்மியாம். அதான் எந்நேரமும் அசதி. நான் தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சின்னு திட்டியே அவள அம்மா வீட்டுக்கு விரட்டிட்டேன்."

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்க்கா. போய்க் கூட்டிட்டு வாங்க."

"நேத்து திரிங்காப்புல அவ அம்மா வீட்டுக்குப் போனேன். வாசல்ல வந்தா. கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். 'என்னால நிக்க முடியல அத்தை'ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டா. உள்ள, அவகூடவே போயிட்ட என் மகன் குரல் கேட்டுச்சு. அவனும் வெளிய வரல."

பார்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்து நிறுத்தம் வந்ததும் எழுந்து, "வாங்கக்கா, இறங்கலாம்" என்றார்.

மூத்தவர் அசையவில்லை.

"நீ போ பார்வதி. நான் இறங்கி யார் இருக்கான்னு வீட்டுக்குப் போறது?"