பதிவு இருக்கிற பிள்ளை

வெள்ளவத்தைச் சந்தையடியில் இரண்டு பெண்கள் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறி எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். பம்பலப்பிட்டி வரை நான் என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“ஊசி போட அந்தச் சின்ன நேர்ஸுக்குப் பழக்கினது நான். இப்ப நான் ஊசி போடேக்க அவள் பக்கத்தில நிக்க வேணுமாம்.”

“ஆர் சொன்னது?” என்று சிநேகிதி கேட்டார்.

“எங்கட பிரைவேட் ஆஸ்பத்திரியில. அவளுக்கு அரசாங்கப் பதிவு இருக்கு. எனக்கு இல்லை.”

“நீ இருபது வருஷமா நேர்ஸ் வேலை செய்யிறாய்!”

“அது கணக்கில்லையாம். கோர்ஸ் படிச்சு, சோதினை பாஸ் பண்ணி, பதிஞ்சிருக்க வேணுமாம்.”

“அப்ப அது விசர்ச் சட்டம்.”

“அப்பிடியும் சொல்லேலாது. போன மாசம் ஒருத்தி, அனுபவம் மட்டும் இருக்கெண்டு வேலைக்கு வந்தவள். மருந்தின்ர அளவையே பிழையா எடுத்தாள். நல்ல காலம், நான் கண்டிட்டன்.”

“அப்ப சட்டம் சரி.”

“அப்ப நான் ஆர்?”

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது. சிநேகிதி கேட்டார்:

“வீட்டில அம்மாவுக்கு ஊசி நீதானே போடுறனீ?”

“போன கிழமை வரைக்கும். பிறகு இந்தக் கதை அம்மாவின்ர காதில விழுந்திட்டுது. பதிவு இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா எண்டிட்டா.”

“கூட்டிக்கொண்டு போனியோ?”

“ஓம். அவள் போட்டாள், நான் பக்கத்தில நிண்டனான். அம்மாவுக்கு நோகவே இல்லையாம்.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவர் சொன்னார்:

“நல்லாத்தான் பழக்கியிருக்கிறன்.”