பன்னிரண்டாவது போல்ட்

ஹிமேனா: ...முடியாது உபெய்மார். நான் சொல்ற வரைக்கும் லைனைத் திறக்காதே.

உபெய்மார்: மேல நின்னுக்கிட்டு வாக்கி-டாக்கில சொல்றது சுலபம். கீழ வந்து இந்த ஜனங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. ரோப்கார் காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும். இப்ப மணி அஞ்சே முக்கால்.

ஹிமேனா: வாயில என்ன?

உபெய்மார்: பூன்யுவேலோ, சுடச்சுடப் பொரிச்ச சீஸ் உருண்டை. உனக்கும் ரெண்டு வாங்கினேன். ஆறிட்டிருக்கு.

ஹிமேனா: ஆறட்டும். மூணாவது தூண்ல பன்னெண்டு போல்ட். பதினொண்ணுல மஞ்சக் கோடு இருக்கு. ஒண்ணுல இல்ல.

உபெய்மார்: ஆரம்பிச்சிட்டியா உன் மஞ்சக் கோட்டை...

ஹிமேனா: முறுக்கினதும் கோடு போடணும். கோடு இல்லன்னா முறுக்கல.

உபெய்மார்: மழையில அழிஞ்சிருக்கும்.

ஹிமேனா: மத்த பதினொண்ணு மேல மழை பெய்யலையா?

உபெய்மார்: அம்மா தாயே... நேத்து தாள்ல பன்னெண்டுக்கும் டிக் போட்டிருக்கு. அப்புறம் என்ன? மேனேஜர் தோன் எவெலியோ மாடியில ஃபோன்ல இருக்கார். உன் பயிற்சிக் காலம் இன்னையோட முடியுது. லைன் லேட்டானா வேலை நிரந்தரம்னு கையெழுத்துப் போட மாட்டேன்னு இப்பதான் கத்திட்டுப் போனார்.

ஹிமேனா: ம்... தெரியும். பயமாத்தான் இருக்கு. ஸ்பேனரை எடுக்கறேன், இரு.

உபெய்மார்: எது, அந்தப் பரிசு ஸ்பேனரா? ஆறு மாசம் ஆஸ்திரியா ஃபேக்டரியில வேலை கத்துக்கிட்டு, சிறந்த மாணவின்னு வாங்கிட்டு வந்தது...

ஹிமேனா: அது பரிசு இல்ல.

உபெய்மார்: உங்கம்மா அதைத் தேவமாதா சிலை பக்கத்துல வெச்சு மெழுகுவத்தி ஏத்தறாங்க.

ஹிமேனா: தினமும் காலையில அங்கேர்ந்துதான் திருடிட்டு வர்றேன்... பரிசு இல்லடா. அங்க போய்ச் சேர்ந்த ரெண்டாவது வாரம், ஃபோர்மேன் அலாய்ஸ் வந்து அவங்க பாஷையில என்னமோ கேட்டார். புரியல. நம்ம ஊர்ல மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லுவோமா?

உபெய்மார்: சேச்சே. அது மரியாதையா?

ஹிமேனா: வழி தெரியலன்னாகூட கையைக் காட்டி அனுப்பற ஆளுங்க நாம. சிரிச்சுக்கிட்டே ஆமான்னேன். அறுபத்தி நாலு போல்ட்டும் முறுக்கியாச்சான்னு கேட்டிருக்கார்.

உபெய்மார்: ஐயையோ.

ஹிமேனா: மறுநாள் மணல் மூட்டை ஏத்திச் சோதிச்சாங்க. சக்கரம் கழண்டு தொங்குச்சு. மூட்டைக்குப் பதிலா ஆள் இருந்திருந்தா...

உபெய்மார்: ...திட்டினாரா?

ஹிமேனா: திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இந்த ஸ்பேனரைக் கையில கொடுத்தார். அறுபத்தி நாலும் திரும்ப நானே. சாயங்காலம் வரைக்கும் கூடவே நின்னார். நடுவுல சூப் கொண்டு வந்து கொடுத்தார். கிளம்பற அன்னிக்கு இதையே என் பையில வெச்சுட்டார்.

உபெய்மார்: அதனாலதானா... வகுப்புல நீதான் முதல் மார்க். தலைநகர்ல ஏ.சி. ரூம்ல படம் வரையற வேலைக்குக் கூப்பிட்டாங்க. அதை விட்டுட்டுத் தூண்ல ஏறற வேலையைக் கேட்டு வாங்கினே. எனக்குப் புரியவே இல்ல.

ஹிமேனா: தொட்டுப் பார்க்காம இனிமே ஆமான்னு சொல்ல முடியல. இரு, முறுக்கறேன்... சரியா இறுகினா ஸ்பேனர்ல க்ளிக் வரணும்... வரல... இன்னும் சுத்துது...

உபெய்மார்: என்ன ஆச்சு?

ஹிமேனா: க்ளிக். முக்கால் சுத்து லூஸா இருந்திருக்கு உபெய்மார். கோடு போட்டாச்சு. இப்ப திற.

உபெய்மார்: திறக்கறேன். ஹிமேனா... நேத்து அந்தத் தூண்ல ஏறினது யாருன்னு நீ கேக்கவே இல்ல.

ஹிமேனா: கேக்கல.

உபெய்மார்: பதினொண்ணு முடிச்சப்போ மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாம் முடிஞ்சுதான்னு தோன் எவெலியோ கீழேர்ந்து கேட்டார். ஆமான்னுட்டேன்.

ஹிமேனா: ம்.

உபெய்மார்: அவர் இறங்கி வர்றார். இரு... நானே சொல்லிடறேன்...

ஹிமேனா: உபெய்மார்? அஞ்சு நிமிஷமாச்சு. என்னடா ஆச்சு?

உபெய்மார்: சொல்லிட்டேன். முக்கால் சுத்தான்னு ரெண்டு தடவை கேட்டார். இது தெரியாம அவளைக் கத்திட்டேனேன்னார். அப்புறம் உன் வேலை நிரந்தரத் தாள்ல கையெழுத்துப் போட்டார்.

ஹிமேனா: நிஜமாவா... உனக்கு?

உபெய்மார்: வேலை இருக்கு. ஆனா மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் ஏழு தூணும் ஏறணும். எண்பத்தி நாலு போல்ட்.

ஹிமேனா: எனக்கு அறுபத்தி நாலுதான்.

உபெய்மார்: சிரிக்காதே. நான்தான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

ஹிமேனா: பதினொரு கோடும் கோணல். உன்னை விட்டா இப்படி யாரு போடுவா? இன்னைக்கு அறிக்கையில, நேத்து முறுக்கினது யாருங்கற வரியை நீயே எழுதணும்னுதான் காலியா விட்டிருந்தேன். மத்தியானம் நானும் சூப் எடுத்துட்டு வர்றேன். முடிச்சதும் ஸ்பேனரை நீயே வீட்டுக்குக் கொண்டு போ... உங்கம்மாகிட்ட பரிசுன்னு சொல்லிக்கோ.