மூன்றில் நின்ற மணி

டண். டண். டண். நின்றுவிட்டது.

நான் வரப்பில் ஓடுகிறேன். அறுத்த நெல்தாள் காலில் குத்துகிறது. பின்னால் டிராக்டர் உறுமுகிறது. அதன் பெட்டியில் ஆட்கள் நிற்கிறார்கள். கையில் அரிவாள், வேல்கம்பு. இரண்டு பேரிடம் நாட்டுத் துப்பாக்கி. மிராசுதார் வீட்டு ஆட்கள். எல்லாம் தெரிந்த முகம்.

டண். டண். டண். மறுபடி நின்றுவிட்டது.

அப்பா நிறுத்துகிறார். நிறுத்தக் கூடாது.

சம்பா அறுப்பு. சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். கோவில் நாளை வைத்துத்தான் எனக்குக் காலம் தெரியும். வெயில் இன்னும் சாயவில்லை. மாலை ஜெபத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்தது.

எங்கள் தெருவில் எல்லோரும் வேதக்காரர்கள். எல்லோரும் பண்ணையாட்கள். அறுப்புக் கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டோம். மிராசுதார் வெளியூர் ஆள் இறக்கினார். நாங்கள் வயலில் குறுக்கே நின்றோம். ஆட்சி மாறிவிட்டது, இனி நம்மைத் தொடமாட்டார்கள் என்று தெருவில் பேச்சு. எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. எப்போதும் எனக்கு அப்படித்தான்.

அப்பா சவரிமுத்துதான் கோவில்பிள்ளை, கோவிலைக் கூட்டுவதும் மணி அடிப்பதும் அவர் வேலை. கூரைக் கோவில். வாசலில் புளிய மரம். மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. பிதாவுக்கு மூன்று அடி. சுதனுக்கு மூன்று. பரிசுத்த ஆவிக்கு மூன்று. மூன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் நெற்றியில் சிலுவை போட வேண்டும். மூன்று பேரும் ஒரே ஆண்டவர்தான், ஆனாலும் நிறுத்தாமல் அடித்தால் அது ஜெபம் இல்லை, வெறும் இரும்புச் சத்தம் என்பார்.

விவசாயச் சங்கத்துக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆபத்து என்றால் விடாமல் அடிக்க வேண்டும். கேட்டதும் எல்லோரும் ஆற்றுக்கு ஓட வேண்டும். கோவிலுக்குள் யாரும் போகக் கூடாது. கூரை.

அப்பாவுக்கு விடாமல் அடித்துப் பழக்கம் இல்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒங்கப்பாவுக்கு மணியடிக்கத் தெரியலன்னா, போப்பாண்டவருக்கே ஜெபம் தெரியாதும்மா."

அப்பாவும் சிரித்தார்.

தெருமுனைக்கு வந்துவிட்டேன். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு கோவிலுக்குள் போகிறார்கள். நேரத்துக்கு முன்னாலேயே மணி அடிக்கிறது, பூசைக்குச் சாமியார் வந்திருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். முன்னால் போகிறவள் என் அம்மா. கையில் ஜெபமாலை. கத்துகிறேன். டிராக்டர் சத்தத்தில் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மரத்தடிக்கு ஓடுகிறேன்.

"அப்பா, நிறுத்தாதீங்க! விடாம அடிங்க!"

அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் முழுக்க வியர்வை. ஓங்கி அடிக்கிறார். ஒன்று. இரண்டு. மூன்று. கை அந்தரத்தில் நிற்கிறது. அவர் தன் கையையே பார்க்கிறார்.

"செசிலி, கை நிக்குதும்மா."

அவர் கையிலிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கினேன். அடித்தேன். மூச்சு விடாமல் அடித்தேன். தெருவில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். கோவிலுக்குள் முழந்தாளில் இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் டிராக்டர் வாசலை அடைத்து நின்றது.

டப். துப்பாக்கி. டப். வாசலுக்கு முதலில் வந்த பக்கத்து வீட்டு இன்னாசி விழுந்தார். மண்ணெண்ணெய் வாசம். கூரை பிடித்துக்கொண்டது. காய்ந்த கீற்று. தீ பேசுவது மாதிரி படபடவென்று சத்தம்.

உள்ளே குரல்கள் சேர்ந்து கேட்டன. பிதாவுக்கும். சுதனுக்கும். அதற்கப்புறம் இருமல்தான்.

அப்பா பின்பக்கம் ஓடினார். கீற்றுத் தட்டியை வெறும் கையால் பிய்த்தார். பிலோமினாவையும் அவள் கைக்குழந்தையையும் வெளியே இழுத்துத் தள்ளினார். வேட்டியில் தீ. மறுபடி உள்ளே போனார். அம்மா உள்ளே இருந்தாள்.

நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன். எதற்கு அடிக்கிறேன் என்று தெரியவில்லை. நிறுத்தினால் அப்பா வரமாட்டார் என்று ஒரு எண்ணம். ஒருவன் வந்து மணிக்கட்டில் வெட்டினான். கம்பி விழுந்தது. மரத்துக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் விழுந்தேன். தண்ணீர் கழுத்து வரைக்கும். கூரை சரிந்தது.

அப்பா வரவில்லை.

மறுநாள் போலீஸ் வந்தது. இரு கோஷ்டி மோதல் என்று எழுதிக்கொண்டது. கேஸ் நடந்தது. மிராசுதார் விடுதலையாகி வீட்டுக்குப் போனார். கூலி பிறகு கூடியது. முறத்தை ஒரு கையால் பிடித்துத்தான் நெல்லை வாங்கினேன். மற்றக் கை இப்போதும் மடங்காது. வெட்டுப்பட்ட கை.

போனவை: கோவில். தீ பரவிய பதினோரு வீடு. ஒரு சினைப்பசு. புனிதர்களின் சுரூபங்கள் எல்லாம். தண்டவாளம் மட்டும் கருகித் தொங்கியது.

இன்று கான்கிரீட் கோவில். கோபுரத்தில் வெண்கல மணி. அதே மூன்று மூன்று அடிதான். மாற்றச் சொல்லி யாரிடமும் நான் கேட்டதில்லை. முதல் மூன்று முடிந்ததும் நெற்றியில் கை வைக்கிறேன். ஜெபம் வருவதில்லை. பெயர்கள்தான் வருகின்றன.

அப்பா சவரிமுத்து. அம்மா அன்னம்மாள். இன்னாசி. இன்னாசி மனைவி தெரேசு. அவர்கள் மகள் ரோசம்மாள். சின்னப்பன். சின்னப்பனின் பேர் வைக்காத குழந்தை.

ஏழு பேர்.

ரோசம்மாள் பெயருக்கு வரும்போதே மணி அடுத்த மூன்றை அடிக்கத் தொடங்கிவிடுகிறது.