மேல்கல் இல்லாத சுமைதாங்கி

தீப்பெட்டி வராத காலம். பக்கத்து வீட்டு அடுப்புல நெருப்பு வாங்கி நம்ம வீட்டு அடுப்பு எரிஞ்ச காலம். அந்தக் காலத்துல முள்ளிப்பாறை, முள்ளிப்பாறைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம்.

சந்தையில இருந்து அந்த ஊருக்கு வாற பாதையில ஏழு சுமைதாங்கி. ரெண்டு கல்லு நட்டமா நிக்கும், மேல ஒரு கல்லு குறுக்க கிடக்கும். விறகுக்கட்டோ புல்லுக்கட்டோ, தலையில இருக்கிறதை அதுல இறக்கி வச்சு இளைப்பாறலாம். ஆனா அது சும்மா நட்ட கல்லு இல்ல. வயித்துப் பாரத்தை இறக்காமலே செத்துப்போன பொம்பளைக்கு நடுற கல்லு. அவ இறக்காத பாரத்தை ஊரு இறக்கட்டும்னு ஒரு நம்பிக்கை. ஏழு கல்லுன்னா ஏழு பொம்பளை.

ஏழாவது கல்லு வடிவுக்கு. உள்ளூர்லயே கட்டிக்குடுத்த பொண்ணு. அவ அண்ணன் மாசானம் கல்லடிக்கிறவன். தங்கச்சிக்குத் தானே கல்லடிச்சு, தானும் ஒரு கை பிடிச்சு மேல்கல்லைத் தூக்கி வச்சானாம். அவங்க அம்மா இசக்கி, எம்புட்டுப் பாரம் தூக்கிட்டு வந்தாலும் மத்த ஆறு கல்லுல இறக்குவாளாம். மக கல்லுல மட்டும் இறக்க மாட்டாளாம்.

மாசானம் பொண்டாட்டி ஆவுடை. ஆறு பேறு. மூணு மண்ணுக்குள்ள, மூணு பொம்பளைப்பிள்ளை வீட்டுக்குள்ள. ஆறாவது பேறுல ரத்தம் நிக்கல. ஊர் மருத்துவச்சி குருவம்மா ரெண்டு நாளு பக்கத்துலயே கிடந்து உசிரை இழுத்துப் பிடிச்சா. பிடிச்சிட்டு இசக்கிகிட்ட சொன்னாளாம்:

“தாயி, இனி ஒரு வயிறு இவ தாங்க மாட்டா. எட்டாவது கல்லு தேட வேண்டி வரும்.”

“பேறு பார்த்தமா, போனமான்னு இருடி. எம்மகனுக்குக் கொள்ளி வைக்க ஒரு ஆம்பளைப்பிள்ளை வேண்டாமா?”

இப்ப மாதிரி மாத்திரையா, ஆஸ்பத்திரியா? வயிறு வராம இருக்க அப்போ என்ன உண்டு? கைப்பிள்ளைக்கு மூணு வயசு வரைக்கும் பால் குடுப்பாங்க. அம்மா வீட்டுக்குப் போயி இருப்பாங்க. விரதம்னு சொல்லித் தனியாப் படுப்பாங்க. சில ஊர்ல வேரு, பட்டைன்னு அரைச்சுக் குடிச்சு, கருவோட தாயும் போயிருவா. குருவம்மா அந்த வேரைக் கையால தொட மாட்டாளாம். அவகிட்ட இருந்தது வேப்பெண்ணெய். அதுல பஞ்சை நனைச்சு, புருசன்கிட்ட போறதுக்கு முந்தி பொம்பளை உள்ள வச்சுக்கிடணும். சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. ஆனா உசிரை எடுக்காது.

வாய்விட்டுக் கேக்க முடியுமா? “குருவம்மா, தலையில ஒரே பேனு. கொஞ்சம் எண்ணெய் தா”ன்னு கேப்பாங்களாம். அவளும் சிரிக்காம சிரட்டையில ஊத்திக் குடுப்பாளாம். ஆவுடையும் கேட்டா. ஒரு வருசம் போச்சு, ரெண்டு வருசம் போச்சு, மூணு வருசம் போச்சு. வயிறு வரல.

இசக்கிக்குச் சந்தேகம். ஒருநாளு மருமகளை முன்னால உக்கார வச்சுத் தலையைப் பிரிச்சுப் பார்த்தா.

“ஏட்டி, ஒரு ஈரு கூட இல்ல. மூணு வருசமா எந்தப் பேனுக்கு எண்ணெய் வாங்குத?”

ஆவுடை தலையை அள்ளி முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சா. இசக்கி சிரட்டையத் தூக்கிக்கிட்டு நேரா நாட்டாமைகிட்ட போனா.

ஊர் கூடிச்சு. நாட்டாமை கேட்டாராம்: “குருவம்மா, வம்சத்தை அறுக்க எண்ணெய் குடுத்தியா?”

“குடுத்தேன் சாமி.”

“வேற யாருக்கெல்லாம் குடுத்த? பேரைச் சொன்னா ஊருக்குள்ள இருக்கலாம். சொல்லாட்டி எல்லையத் தாண்டணும்.”

பொம்பளைங்க அத்தனை பேரும் தரையப் பார்த்தாங்களாம். நாட்டாமை பொண்டாட்டியும் தரையத்தான் பார்த்தாளாம்.

“பேரு சொல்ல மாட்டேன் சாமி. யாரு தலையிலதான் பேனு இல்ல? நான் போறேன். ஆனா ஒண்ணு. எப்பவும் செத்த பிறகுதானே கல்லு நடுவீங்க? ஆவுடைக்கு முன்கூட்டியே நடுங்க. அதைப் பார்த்துட்டுப் போயிருதேன்.”

“உசிரோட இருக்கிறவளுக்குக் கல்லா?”ன்னு ஊரே கத்துச்சு. மாசானம் மட்டும் உளியை எடுத்துக்கிட்டுப் பாறைக்குப் போனான். ஏழு நாளு அடிச்சான். வீட்டுக்குச் சோத்துக்குக் கூட வரலையாம்.

எட்டாம் நாளு, வடிவு கல்லுக்குப் பக்கத்துல ரெண்டு கல்லை நட்டான். மேல்கல்லு தரையில கிடந்துச்சு. ஊரே வந்து நின்னுச்சு. ஆவுடை மூணு பிள்ளைகளையும் பிடிச்சுக்கிட்டு, தன் கல்லைத் தானே பார்த்துக்கிட்டு நின்னாளாம்.

குருவம்மா இசக்கி பக்கம் திரும்பினா.

“தாயி, உங்க மகளுக்கும் இப்படித்தான் முன்னாடியே சொன்னேன். அவ மாமியா கேக்கல. இன்னைக்கு நீங்க கேக்கல. மேல்கல்லைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க.”

நாலு ஆம்பளை குனிஞ்சு பிடிச்சாங்க. கல்லு முழங்கால் உயரம் எழும்பிச்சு. எல்லாரும் இசக்கி வாயப் பார்க்காங்க. அவ மக கல்லைப் பார்த்தா.

“கீழ வைங்கய்யா”ன்னான் மாசானம். சம்மட்டியை எடுத்தான். ஒரே போடு. கல்லு ரெண்டாப் பிளந்துச்சு.

“தங்கச்சிக்குத் தூக்கி வச்ச கை இது. இன்னொரு தரம் தூக்காது. எனக்குக் கொள்ளி வைக்க ஆளு இல்லன்னா ஊரு வைக்கட்டும். ஊரும் வைக்காட்டி நரி இழுத்துட்டுப் போகட்டும்.”

நாட்டாமை தொண்டையைச் செருமினார். “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்”னு சொல்லிட்டு நடந்தார். தீர்ப்பு என்னாச்சுன்னு அவரும் சொல்லல, யாரும் கேக்கல. குருவம்மா எல்லைப் பக்கம் போகல, ஊரைப் பார்த்து நடந்தா. அவ பின்னால பொம்பளைங்க. அவங்க பின்னால ஆவுடையும் பிள்ளைகளும் மாசானமும். அந்தப் பிள்ளைகள்ல நடுவுள்ளவ வயித்து வழிதான் நாங்க.

அந்த ரெண்டு கல்லு இன்னைக்கும் மேல்கல் இல்லாமத்தான் நிக்குது. இனி போதும்னு நினைக்கிற பொம்பளை, ஒரு விரல் வேப்பெண்ணெயை அதுல தடவிட்டு வீட்டுக்குப் போவா. ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. புருசன் பாயைச் சுருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துரணும். அது முள்ளிப்பாறை வழக்கம். கல்லு கறுத்து மினுங்குறது அதனாலதான். முதல்ல தடவுனது யாருன்னு கேளுங்க.

எல்லாரும் போன பிறகு இசக்கி மட்டும் நின்னாளாம். நாட்டாமை சாட்சிக்குக் கொண்டு வந்த சிரட்டை கல்லடியில கிடந்துச்சு. அடியில இருந்த எண்ணெயை வழிச்சு ரெண்டு கல்லுலயும் தடவுனா. பிறகு மக கல்லுகிட்ட வந்தா. ரெண்டு கையையும் அதுமேல ஊணி, முத முதலாத் தன் பாரத்தை அதுல சாய்ச்சு நின்னா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் எண்ணெய்க் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, திரும்பிப் பார்க்காம நடந்து போனாளாம்.