நாரால் தேய்த்த குழாய்

"தேங்கா நாரு போட்டா தேய்ச்சீங்க, அண்ணி?"

கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்தவன் கேட்டான். அவனுடைய அண்ணன் நடுவில் போர்வைக்குள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அண்ணி.

"ஒங்கண்ணனுக்கு மூத்திரம் எடுக்கிற குழா, தண்ணி பட்டா பாசி புடிச்ச மாதிரி வழவழன்னு ஆவுது. அப்படியேவா உள்ள வுடறது? சோப்பு போட்டு, வழவழப்பு போற வரைக்கும் தேய்ச்சேன்."

"அந்த வழவழப்புதான் மருந்துப் பூச்சாம், அண்ணி. கிருமி ஒட்டாம வழுக்கிக்கினு போறதுக்குப் பூசியிருக்காங்களாம். இப்பதான் நர்சம்மா போன்ல சொன்னாங்க."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே."

"எத்தினி நாளா தேய்க்கிறீங்க?"

"வாங்கினதுலேர்ந்து. தெனம்."

கொண்டை ஊசி வளைவில் அண்ணன் சரிய, அவன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

"காய்ச்சல் எப்பிடி வந்துச்சுன்னு டாக்டரு கேப்பாரு. இன்னா சொல்லப் போறீங்க?"

அண்ணி முந்தானையில் விரல்களைத் துடைத்தாள். ஈரமே இல்லாத விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து பற்கள் கிடுகிடுக்கக் குரல் வந்தது.

"தேய்ச்சது நானு. டாக்டருகிட்டயும் அதான் சொல்லுவேன். அவள வுட்ருடா."