ஆட்டுத்தலையின் இரண்டு கைகள்

ஆட்டுக்குக் காது தைப்பதுதான் கஷ்டம், ஐயா. கொம்பு தானாக வந்துவிடும். தாடிக்கு நூலைப் பிரித்துவிட்டால் போதும். காது மட்டும் கொஞ்சம் தொங்கினால் ஆடு சோகமாகிவிடும், நிமிர்ந்தால் முயலாகிவிடும். நான் நான்கு முறை பிரித்துத் தைத்தேன்.

என் பெயர் எர்மான்ஸ் புவாசே. வயது ஐம்பத்து மூன்று. லியோன் நகரத்தில் பாதிப் பாதிரியார்கள் பூசைக்கு உடுத்தும் அங்கியில் என் ஊசி ஏறியிருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் சிலுவையும் செம்மறிக் குட்டியும் தைப்பேன். ஞாயிறு மதியம் எங்கள் சபைத் தலைவர் முசியே கஸ்தானியே வீட்டு மூன்றாம் மாடியில் சபை கூடும். அங்கே சுவரில் தொங்கும் சீலையில் இருக்கும் உருவமும், நாங்கள் ஆட்டுத்தலை என்று அழைப்பது, என் கைவேலைதான். இரண்டுக்கும் ஒரே ஜரிகை.

சற்று முன் நீங்கள் அதைச் சாத்தான் என்றீர்கள். வெளியில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு வருத்தமில்லை. அதன் பெயர் பாஃபோமெட். ஆட்டின் தலை, பெண்ணின் மார்பு, பறவையின் சிறகு. உலகத்தில் ஒன்றோடொன்று சேராதவை எல்லாம் ஓர் உடம்பில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். கொம்புகளுக்கு நடுவே எரிவது அறிவு. நெற்றியில் இருக்கும் நட்சத்திரம் நிமிர்ந்து நிற்கும் மனிதன். வலக்கை மேலே வெள்ளைப் பிறையைக் காட்டும், இடக்கை கீழே கறுப்புப் பிறையைக் காட்டும். ஒன்றில் ‘கரை’ என்றும் மற்றதில் ‘உறை’ என்றும் எழுதியிருக்கும். பழைய ஆள் கரைந்தால்தான் புதிய ஆள் உறைந்து வருவாள்.

இதையெல்லாம் முசியே கஸ்தானியே கேள்வியாகக் கேட்பார், நான் எழுந்து பதில் சொல்வேன். பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. அவர் புத்தகம் கட்டுகிறவர், மனைவியை இழந்தவர். நான் சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்காக நான் திங்கள் முதல் சனி வரை குனிந்து தைத்தேன். வேறு எதுவும் அவரிடம் கேட்டதில்லை.

அக்டோபரில் லியோனி வந்தாள். கையுறைக் கடையில் நிற்பவள், இருபத்தொன்பது வயது விதவை. இரண்டாவது ஞாயிறே, யாரும் கேட்காமல், உட்கார்ந்தபடியே பேசினாள்.

“ஒரு கை கரைக்குது, ஒரு கை உறைய வைக்குதுன்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்றீங்களே. கையுறைய ஒரே தோல்ல வெட்டினாத்தான் அது ஜோடி. ஒண்ணு தொலைஞ்சா மத்தது குப்பைக்குத்தான் போகும். எனக்கென்னவோ அந்த ரெண்டு கையும் ஒரே வேலையச் செய்யுற மாதிரிதான் தெரியுது.”

“பாருங்கடா, தெய்வத்துக்கே அளவெடுக்க வந்துட்டா கடைக்காரி” என்று ரொட்டிக்கடை பாசோ சிரித்தான். எல்லாரும் சிரித்தோம். கஸ்தானியே சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

“பதினோரு வருஷமா இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்” என்றார். “ஒருத்தருக்கும் இது தோணலையே.”

ஒருத்தருக்கும் என்றால் எனக்கும்தான். அந்தக் கைகளை விரல் விரலாகத் தைத்தவள் நான். என் வயிறு எரிந்தது, ஐயா. மறைப்பானேன்.

அதற்குப் பிறகு கேள்விகள் அவளுக்குத்தான் போயின. கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டையும் அவளே கொடுத்தாள். எனக்கு அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்தாள். “ஊசி குத்திக் குத்தி உங்க விரலு எப்படி ஆயிருச்சு பாருங்கக்கா, குளிர்ல வெடிச்சுரும்” என்றாள். என் விரலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் தந்த கையுறை, இம்மி பிசகாமல் பொருந்தியது. அதை அடுப்பில் போட்டேன். தோல் எரியும் வாடை இரண்டு நாள் போகவில்லை.

சபையில் நான் ஏற ஆறு வருடம் பிடித்த மேல்படியை அவளுக்கு நான்கு மாதத்தில் கொடுப்பதாகக் கஸ்தானியே அறிவித்தார். மாடிப்படியில் என்னை நிறுத்தி, “நீங்கதான் அவளுக்குக் கதவுக் காவல் இருக்கணும், எர்மான்ஸ். உங்கள விட்டா நான் யார நம்புறது?” என்றார். சரி என்றேன்.

படி ஏறுகிறவர்கள் முதலில் ஒரு சின்ன அறையில் இரண்டு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். கறுப்புத் துணி, கொஞ்சம் ரொட்டி, உப்பு, எதிரே ஆட்டுத்தலை. இறக்கப்போகிறவர் எழுதுவதுபோல ஒரு கடைசிக் கடிதம் எழுத வேண்டும். நாங்கள் எல்லாரும் எழுதியிருக்கிறோம், எல்லாருடையதும் ஒரே மாதிரிதான் இருக்கும். முடிந்ததும் உள்ளிருந்து மூன்று முறை தட்டினால் காவல் இருப்பவர் வெளித்தாழ்ப்பாளைத் திறப்பார்.

அன்று பிப்ரவரிக் குளிர். உள்ளே குளிர்காயக் கரிச்சட்டி மூட்டி வைத்தேன், எப்போதும் வைப்பதுதான். கூரையை ஒட்டி ஒரு காற்றுத்துளை உண்டு. ஜரிகைக்கு அடியில் மேடு வருவதற்காக நாங்கள் பஞ்சு வைத்துத் தைப்போம். அதில் மிஞ்சிய பஞ்சைக் காலையிலேயே அந்தத் துளையில் அடைத்திருந்தேன். கதவுக்கு வெளியே கம்பளித் திரையை இழுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணி. கூடத்தில் மற்றவர்கள் ஒயினும் சுட்ட பாதாம் கொட்டையுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு கதவைத் தட்டினாள். இரண்டு முறை. நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. விதி மூன்று என்கிறது, ஐயா. பதினோரு வருடத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை.

ஐந்து மணிக்குத் திறந்தேன். மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு முன் பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வந்த மருத்துவர் மேசையில் இருந்த கடிதத்தைப் படித்தார். ‘இன்றோடு நான் கரைகிறேன். யாரும் அழ வேண்டாம்.’ இளம் விதவை, கரிப்புகை, இப்படி ஒரு கடிதம். அவர் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. அது எங்கள் சபை வழக்கம் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவர் கஸ்தானியே. அவர் வாயே திறக்கவில்லை. கடிதத்தை அவர் வேறு மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

“நம்மள மாதிரி அவ சும்மா எழுதல, எர்மான்ஸ்” என்றார், அடக்கம் முடிந்து திரும்பும் வழியில். “எழுதினதச் செஞ்சே காட்டிட்டா. நாம வார்த்தையச் சொல்லிக்கிட்டு இருந்தோம், அவ போயே போயிட்டா.”

அந்தக் கடிதத்தைச் சிவப்புத் தோலில் கட்டி ஆட்டுத்தலையின் காலடியில் வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் அதற்குத் தலைவணங்க வேண்டும் என்றார். நானும் மூன்று ஞாயிறு வணங்கினேன். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு நாற்காலிதான் கிடைத்திருக்கும். இப்போது சுவர் முழுக்க அவள்.

போன ஞாயிறு கஸ்தானியே, லியோனி போட்டுக்கொண்டிருந்த கையுறைகளை என் மடியில் வைத்தார். ஆட்டுத்தலையின் இரண்டு கைகளையும் பிரித்துவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைத்துத் தைக்கச் சொன்னார். “உங்களாலதான் இது முடியும்” என்றார். பதினோரு வருடம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட ஒரே விஷயம் அது.

அதனால்தான் இன்று காலை நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். உங்கள் எழுத்தர் ‘பொறாமை’ என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். உண்மை வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவளும் எங்களைப் போல வெறும் வார்த்தைதான் எழுதினாள். வெளியே வரத்தான் தட்டினாள். அவளைக் கரைத்தது நான், என் இரண்டு கைகளாலும். இதைக் கஸ்தானியேவிடம் வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனித்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.