திருத்தத்துக்கு உயர்ந்த கைகள்

பெயர் லார்னா தெய்யர். வயது அறுபத்து மூன்று. மறைந்த மெர்ல் தெய்யரின் மனைவி. வசிப்பது வெஸ்ட் டன்மூர் ஊர், தெய்யர் மேல் சாலையின் கடைசி வீடு. அதற்கு மேல் காடும் மலையும் தவிர வேறில்லை.

என் கணவர் இவ்வாண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் நாள் இறந்தது குறித்து, மாநிலக் காவல் அதிகாரி ஹாலோவெல் அவர்கள் வினவியதற்கு, எவருடைய தூண்டுதலும் அச்சுறுத்தலும் இன்றி நான் கூறுவதாவது:

என் கணவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை மலையடிவார நகரின் மருத்துவமனையில் குருதியைத் தூய்மை செய்துவந்தோம். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். இருமுறை தவறினால் மூச்சு திணறும். இது ஊரார் அனைவரும் அறிந்ததே. இந்நிலையில் எங்கள் ஊராட்சிக் குழு, ஒரேயொரு வீடுதான் இருக்கிறது என்ற காரணம் காட்டி, எங்கள் சாலையின் மேல்பாதியில் இனிக் குளிர்காலத்தில் பனி அகற்றுவதில்லை என்று முடிவு செய்தது. வெண்டல் குட்நோவின் மாட்டுக் கொட்டகையோடு ஊரின் பனி அகற்றும் வண்டி திரும்பிவிடும் என்று அறிவித்தார்கள்.

அதன் பின்னர் நான் கையொப்பம் திரட்டி, மேல் சாலையிலும் பனி அகற்ற வேண்டும் என்ற தீர்மானத்தைச் சென்ற ஆண்டு மார்ச் மாத ஊர்க் கூட்டத்தின் பொருளாக வைக்கச் செய்தேன். ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி, கை தூக்கி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கூட்டம் அது.

அன்று வெயில் அடித்தது. பாகு காய்ச்சுவதற்கான சாறு மேப்பிள் மரங்களில் வடியத் தொடங்கியிருந்தது. சாறு வடிகிற நாளில் எங்கள் ஊரார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்களே தவிர, அவர்கள் மனம் அடுப்பில் கொதிக்கும் சாற்றின் மேல்தான் இருக்கும். என் தீர்மானம் நண்பகலுக்குச் சற்று முன்னர் வந்தது. இதை ஏற்றால் காட்டுக்குள் உள்ள ஒவ்வொரு விடுமுறை வீட்டுக்காரனும் இதையே கேட்பான் என்று சிலர் எதிர்த்தார்கள். அப்போது எங்கள் அண்டை வீட்டுக்காரரான வெண்டல் எழுந்து, "மருத்துவமனைக்குப் போய்த் தீரவேண்டிய நோயாளி அச்சாலையில் வசிக்கும் காலம் வரை மட்டும்" என்ற சொற்களைச் சேர்க்குமாறு ஒரு திருத்தம் முன்மொழிந்தார். எங்கள்மீது கொண்ட அன்பினால் முன்மொழிந்தார். இதைத் தெளிவாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தம் என்பது தீர்மானத்தின் வாசகத்தை மாற்றுவது. மாற்றலாமா என்பதற்கு ஒரு வாக்கு. மாற்றிய தீர்மானத்தை ஏற்கலாமா என்பதற்கு அதன் பின்னர் இன்னொரு வாக்கு. இதை அறியாதவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

திருத்தத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது மன்றம் முழுவதும் கைகள் உயர்ந்தன. தீர்மானத்தை விரும்பியவர்கள், அது நிறைவேறட்டும் என்று உயர்த்தினார்கள். விரும்பாதவர்கள், நிறைவேறித் தொலைத்தாலும் தீங்கு குறையட்டும் என்று உயர்த்தினார்கள். உயர்ந்த கை எதன் பொருட்டு உயர்ந்தது என்பதைப் பிரித்தறிய எவரால் இயலும்? அவைத் தலைவர் கார்ல்டன் ஹோய்ட் திருத்தம் நிறைவேறியது என்று அறிவித்ததும் ஊரார் கை தட்டினார்கள். என் தோளைத் தட்டினார்கள். பின்னர் எங்களுக்காகக் கை தட்டியவர்கள் எழுந்தார்கள். பாதிப்பேர் கீழ்த்தளத்தில் மணத்துக்கொண்டிருந்த சாப்பாட்டுக்கும், பாதிப்பேர் தங்கள் சாற்றுக் கொட்டகைக்கும் நடந்தார்கள். நாற்காலிகளின் ஓசைக்கு நடுவே, "இனி, திருத்தப்பட்ட தீர்மானம்" என்று தலைவர் முறைப்படி சொன்னார். நான் கேட்டேன். போய்க்கொண்டிருந்தவர்கள் கேட்கவில்லை.

அதன் பின்னர் நான் படியிறங்கி ஓடினேன். வெண்டல் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"வெண்டல், மேல வா. இன்னும் ஓட்டு முடியல."

"முடிஞ்சாச்சு லார்னா. ஜெயிச்ச பிறகும் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிறியே, தோத்திருந்தா என்ன பண்ணியிருப்ப? பீன்ஸ் ஆறுது, உக்காரு."

"அது திருத்தம், வெண்டல். திருத்தத்துக்கு மட்டுந்தான்."

அவர் முகம் மாறியதை நான் கண்டேன். தட்டை வைத்துவிட்டு, மற்றவர்களையும் கூவி அழைத்துக்கொண்டு அவர் என் பின்னால் வந்தார். நாங்கள் மன்றத்தின் கதவைத் திறந்தபோது தீயணைப்பு நிலையத்தின் கூரையைப் பற்றிய அடுத்த பொருளைத் தலைவர் படித்துக்கொண்டிருந்தார். மன்றத்தில் எஞ்சியிருந்தவர்களின் வாக்கில் மேல் சாலைத் தீர்மானம் தோற்றிருந்தது.

மறுபடி எடுக்குமாறு நான் கேட்டதற்கு அவர், "லார்னாம்மா, அடுத்ததுக்குப் போயாச்சு. போன பிறகு திரும்பி வர எனக்கு அதிகாரம் இல்ல. எனக்கு மட்டும் சந்தோஷமா?" என்று சொன்னார். அவர் விதியை மீறவில்லை. எவருமே விதியை மீறவில்லை.

என்னோடு கூட்டத்துக்கு வந்திருந்த என் கணவர் இருந்த இடத்திலேயே அமர்ந்திருந்தார். "ஏன்டி மூச்சு வாங்குற? நோயாளி நானா நீயா?" என்று கேட்டார். பின்னர், "எனக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்லாததால, என் கை ரொம்ப உயரமாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

தனிக் கூட்டம் கூட்டக் கோரிக் கையொப்பம் திரட்டலாம் என்று வெண்டல் முன்வந்தார். அதன் பின்னர், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகும் காலம் வந்தது. அதன் பின்னர் புல்லறுப்பு வந்தது. என் கணவர், "எனக்காக ஊர்ல ஒருத்தன் கதவையும் தட்டக் கூடாது" என்று தடுத்துவிட்டார். நானும் அதிகம் வற்புறுத்தவில்லை. சாலை வறண்டு, புழுதியால் வெளுத்து, எங்கும் போகக் கூடியதாகக் கிடந்தது.

இவ்வாண்டு பிப்ரவரியில் பெரும்பனி பெய்தது. எங்கள் டிரக்கின் முன் பொருத்திய சிறு தகடு காற்று குவித்த பனியைத் தள்ள இயலாமல் வளைந்தது. இருமுறை மருத்துவமனைக்குப் போவது தவறியது. ஒன்பதாம் நாள் காலை என் கணவரின் உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸை அழைத்தேன், வெண்டலின் கொட்டகை வரை வந்து நின்றது. மீட்புக் குழுவின், பனிமேல் ஓடும் வண்டி மலையின் மறுபுறம் வேறொருவரைத் தேடிப் போயிருந்தது. வெண்டல் தம் டிராக்டரை எடுத்து வந்தார். அது முதல் வளைவில் பள்ளத்தில் சரிந்தது.

அதன் பின்னர் ஊரின் சாலைப் பணியாளர் ரெனே லாபெர்ஜைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ரெனே, எங்க இருக்க?"

"வெண்டல் கொட்டகைலதான் அக்கா. வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"மேல வாடா."

"ஊராட்சிக் குழுத் தலைவருக்கு மூணு தடவ போன் அடிச்சிட்டேன், எடுக்கல. உத்தரவு இல்லாம மேல ஏத்துனா வேலை போயிரும்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. இன்னொரு தடவ கேட்டுப் பாக்குறேன். வெச்சிராதீங்க."

நான் தொலைபேசியை வைக்கவில்லை; திறந்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் கணவரைக் கம்பளியில் சுற்றி, விறகு இழுக்கும் சறுக்குப் பலகையில் படுக்கவைத்து, கீழ்நோக்கி இழுத்துச் சென்றேன். பனி என் இடுப்பளவு இருந்தது. வழியில் அவர், "அந்தப் பக்கம் இழு, இந்தப் பக்கம் ஓடை" என்றார். சிறிது தூரத்துக்குப் பின்னர், "கொஞ்சம் நில்லு லார்னா, நீ இளைப்பாறிக்க" என்றார். நான் நின்றேன். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்கள் திறந்திருந்தன. இமைகளின் மேல் விழுந்த பனி உருகவில்லை.

அதன் பின்னர் வண்டியின் ஓசை கேட்டது. உத்தரவு வந்ததா என்று நான் அறியேன். ரெனேயை நான் கேட்கவில்லை. அவர் தகட்டை இறக்கிப் பனியை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு எங்கள் இடம் வரை வந்தார். இறங்கி, தொப்பியைக் கழற்றி, என் கணவரைத் தூக்கி வண்டியின் இருக்கையில் என் அருகே அமரவைத்தார். ஒதுக்கப்பட்ட சாலையில் நாங்கள் எவ்வித இடரும் இன்றிக் கீழே வந்து சேர்ந்தோம்.

ரெனே எல்லையைத் தாண்டியது குறித்து ஊராட்சிக் குழு விசாரிப்பதாக அறிகிறேன். அவர்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. எவர்மீதேனும் புகார் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, எவர்மீது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலே கண்டவை யாவும் நான் கூறியவாறே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. என் கணவர் தம் வீட்டில் இறந்தார் என்று அதிகாரி தம் அறிக்கையில் எழுதியிருந்ததை, நான் கேட்டுக்கொண்டபடி அடித்துவிட்டு, சாலையில் இறந்தார் என்று எழுதினார். அதன் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம். வேறு மாற்றம் கோரவில்லை. இவை உண்மை.

(ஒப்பம்)
லார்னா தெய்யர்

என் முன்னிலையில்:
(ஒப்பம்) ஹாலோவெல், மாநிலக் காவல்